ஊர் நெல்லைச் சென்னையில் அரைத்துச் சாப்பிட ஆசைப்பட்ட கதை

சொந்த ஊர் நெல்லைச் சென்னைக்கு வரவழைத்து, அதிகம் தீட்டாமல், அதாவது தவிடு போகத் தேய்க்காமல் அரைத்து, வருஷம் முழுக்க நல்ல அரிசி சாப்பிடலாம் என்று யாராவது திட்டம் வைத்திருந்தால், வண்டி பேசுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன அறுவடை முடிந்ததும் நான் அதைத்தான் செய்தேன். 20,000 ரூபாய்க்கு மேல் போனது. மாசியில் தொடங்கிய அலைச்சல் வைகாசி வரை ஓயவில்லை. நடுவில் ஒரு ராத்திரி சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததும் உண்டு. நெல்லை நடுவதைப் பற்றியும் அறுப்பதைப் பற்றியும் யூடியூபில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அறுத்த நெல் அரிசியாகித் தட்டுக்கு வருகிற வரை நடுவில் என்னென்ன நடக்கிறது என்று சொல்லத்தான் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் வீடு கொளத்தூரில். அப்பா, நான், பத்தாவது படிக்கும் மகன். கணவருக்கு வேலை ஓசூரில், மாதத்தில் நாலைந்து நாள் வந்து போவார். அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மூன்று வேளையில் இரண்டு வேளை சோறு இல்லாமல் அவருக்கு ஆகாது. டாக்டர் ஒருமுறை, பாலிஷ் குறைந்த அரிசியாக வாங்கிப் பாருங்களேன் என்றார். கடைக்குப் போனால் கைக்குத்தல் என்று போட்ட பாக்கெட் கிலோ 120 ரூபாய். உண்மையிலேயே உலக்கையால் குத்தினதா என்று கேட்டால், கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இன்றைக்கு அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் இயந்திரத்தில் உமி மட்டும் நீக்கிய அரிசிதான். எவ்வளவு தவிடு நீக்கினார்கள் என்பது பாக்கெட்டில் இருக்காது.

வந்தவாசிப் பக்கம் எங்கள் பங்கு நிலத்தைச் சித்தப்பா பயிர் வைக்கிறார். வருஷா வருஷம் குத்தகையைப் பணமாக அனுப்பிவிடுவார். இந்த முறை அவர் சிவப்பரிசி தருகிற மாப்பிள்ளைச் சம்பாவும் வெள்ளை அரிசி தருகிற தூயமல்லியும் போட்டிருந்தார். “பணம் வேணாம் சித்தப்பா, நெல்லாவே குடுங்க” என்றேன். “ஏன் பாப்பா, அத வெச்சிக்கிட்டு அங்க என்ன பண்ணுவ?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் இருந்த பதில் கூகுள் மேப்பில் ரைஸ் மில் என்று தட்டிப் பார்த்ததுதான். ஊரிலேயே அரைத்து அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஊரில் இருந்த பழைய மில் மூடி ரொம்ப நாளாகிறது. களத்திலேயே வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டு போகிறார். ஆரணிப் பக்கம் மில்லுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அங்கெல்லாம் லாரிக் கணக்கு. ஆக, 75 கிலோ மூட்டை நான்கு, இரண்டு ரகத்திலும் இரண்டிரண்டு, ஒரு குட்டி யானை வண்டியில் ஏறிக் கொளத்தூர் வந்து சேர்ந்தது. வாடகை 5,500.

முதல் பாடம் மாடிப்படியிலேயே கிடைத்தது. நெல்லில் சுணை உண்டு. மூட்டை தூக்கிய பையன்கள் சொறிந்துகொண்டே இறங்கினார்கள், லிப்டில் ஏறிய பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அரிப்பு. இரண்டாவது வாரம் எலி வந்தது. எங்கள் குடியிருப்பில் அதுவரை எலி என்று யாரும் பேசியதே இல்லை. சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் ஒரு அறிவிப்பு போட்டார், பெயர் போட்டிருந்தால்கூட அத்தனை அவமானமாக இருந்திருக்காது. அடுக்குமாடியில் நெல் வைப்பதானால் மூடியுள்ள தகர டிரம்மோ உணவுக்கான பிளாஸ்டிக் டிரம்மோ முதலில் வாங்கிவிடுங்கள். தரையோடு சாக்கு மூட்டையை வைக்கவே கூடாது, கீழே பலகை வேண்டும்.

சரி, அரைக்கலாம் என்று செங்குன்றம் போனேன். சென்னைக்கு அரிசி வரும் வாசல்களில் அது ஒன்று, ஜி.என்.டி. சாலையை ஒட்டி மில்லும் மண்டியுமாக இருக்கும். ஏறி இறங்கின இடத்திலெல்லாம் ஒரே கதை. அந்த இயந்திரங்கள் மணிக்கு டன் கணக்கில் ஓடுகிறவை. நெல்லைச் சுத்தம் செய்ய ஒன்று, உமி உரிக்க ஒன்று, உரிபடாத நெல்லைப் பிரிக்க ஒன்று, தவிடு தேய்க்க ஒன்றுக்கு மேல், அப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து மினுமினுப்பு ஏற்றும் பாலிஷர், கடைசியில் நிறம் மாறின அரிசியைக் கண்டுபிடித்துத் தட்டிவிடும் சார்டெக்ஸ். என் 300 கிலோ அந்தக் குழாய்களுக்குள் போய் ஒட்டிக்கொண்டு நிற்கவே காணாது. ஒரு மேலாளர் மட்டும் உட்காரச் சொல்லி விளக்கினார். “மேடம், உங்க நெல்ல உள்ள விட்டா முன்னாடி ஓடின நெல்லோட கலந்துதான் வரும். நெல்ல வெச்சிட்டு அதுக்குண்டான அரிசிய எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். மாற்றிக்கொள்வது ஊர் வழக்கம்தான், அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அந்த நெல், அதுவும் தவிட்டோடு. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, நாலு மூட்டை நெல் வைத்திருப்பவருக்கு இந்த ஊரில் மில்லே கிடையாது என்று புரிந்து வயிறு கலங்கிவிட்டது.

தெரிந்தவர் தெரிந்தவர் என்று விசாரித்ததில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சின்ன மில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தூயமல்லி இரண்டு மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். போக வர 1,500. பெரியவர் ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். தவிடு போகக் கூடாது என்று சொன்னதும் சிரித்துவிட்டார். “தவுடு போவாம அரைக்கணும்னா இந்த மிஷின்ல ஆவாதும்மா. இது ஹல்லரு” என்றார். வந்துவிட்டோம், திரும்பவும் ஏற்றிப் போக மனசில்லை, முடிந்த வரை லேசாக அரையுங்கள் என்றேன். இங்கேதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. ஹல்லரில் இரும்பு உருளை சுழல, நெல்லோடு நெல் நெரிந்து உரசி உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் கழன்று வரும். கொட்டைப் பாக்கைப் பாக்குவெட்டியில் சீவாமல் உரலில் போட்டு இடிப்பது மாதிரி. உமி மட்டும் போகட்டும், தவிடு நிற்கட்டும் என்று அதனிடம் சொல்ல முடியாது. லேசாக விட்டால் நெல்லும் அரிசியும் கலந்து வரும், இறுக்கினால் தவிடு போய்விடும், அரிசியும் நொறுங்கும். ஷெல்லர் என்கிற இயந்திரம் வேறு. அதில் இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று உமியை மட்டும் உரித்துவிடும். தவிடும் முளையும் அரிசியிலேயே நிற்கும். அதைத் தனியாக இன்னொரு இயந்திரத்தில் விட்டால்தான் தீட்டு. ஆகவே மில்லுக்குப் போன் செய்யும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கூலி என்ன என்பதில்லை, ஹல்லரா ரப்பர் ரோலரா என்பதுதான்.

150 கிலோ நெல் போட்டு 87 கிலோ அரிசி வந்தது. அதிலும் மூன்றில் ஒரு பங்கு குருணை. மூட்டையைக் கட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெரியவர் ஒரு பிடி நெல்லை எடுத்து, உமியை நகத்தால் உரித்து, அரிசியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குறுக்கே மயிரிழை மாதிரி வெடிப்பு. “தார் ரோட்டுல காய வெச்சிருக்காங்க” என்றார். சித்தப்பாவிடம் கேட்டேன், ஆமாம், ரோட்டில்தான் கொட்டியிருக்கிறார்கள். கடும் வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் அரிசி உள்ளுக்குள் வெடித்துவிடும், பிறகு எந்த இயந்திரத்தில் போட்டாலும் ஒடியும். களத்தில் நிழலும் வெயிலுமாகக் கிளறிக் காயப்போட்ட நெல்லுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவித்த நெல்லுக்கு இன்னும் குறைவு, ஏனென்றால் அவிக்கும்போது மாவுச்சத்து இளகி அந்த வெடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. என் நெல் அவிக்காத நெல், அதாவது வந்தது பச்சரிசி. அரசு கொள்முதல் நெல்லை மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது 100 கிலோவுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ என்று கணக்கு வைக்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். எனக்கு வந்தது 58. அரைப்பதற்கு முன்னால் உங்கள் நெல்லில் பத்து மணியை உரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கடித்தும் பாருங்கள், டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். சேமித்து வைக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எந்த மில்லாக இருந்தாலும் முதலில் பத்து கிலோவை மட்டும் அரைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

மீதி இருந்த மாப்பிள்ளைச் சம்பா இரண்டு மூட்டைக்கு ரப்பர் ரோலர் மினி மில் தேடினேன். கிடைத்தது எங்கே தெரியுமா? அச்சிறுபாக்கம் பக்கம், விவசாயிகள் குழு ஒன்று நடத்துவது. வந்தவாசியிலிருந்து சென்னைக்கு என் நெல் வந்த வழியிலேயே. நெல் மறுபடியும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய் அரிசியாகித் திரும்பி வந்தது. வண்டிக்கு 4,000. தாம்பரம் தாண்டும் வரை நானும் டிரைவர் தம்பியும் பேசவே இல்லை. “அக்கா, போன மாசமே சொல்லிருந்தா வர்ற வழியிலயே எறக்கிருக்கலாம்” என்று அப்புறம் சொன்னான். அவன் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. அரவை மட்டும் அருமையாக நடந்தது. 150 கிலோவுக்கு 116 கிலோ சிவப்பரிசி. உமியும் பதரும் போக மீதி எல்லாம் வந்துவிட்டது. கூலி 750. ஒவ்வொரு அரிசியின் ஒரு முனையிலும் வெளுப்பாக முளை அப்படியே இருந்தது. கடையில் தீட்டாத அரிசி என்று வாங்கும்போது அதைத்தான் பார்க்க வேண்டும். முளை இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தால் அது தீட்டின அரிசி. சிவப்பரிசியில் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் சிவப்பு தவிட்டில்தான் இருக்கிறது, உள்ளே எல்லா அரிசியும் வெள்ளைதான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வைத்துச் சாம்பாரோடு பரிமாறினேன். அப்பா ஒரு வாய் வைத்தார். மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். “ஏம்மா, இது நமக்கா, மாட்டுக்கா?” என்றார். மகன் சாம்பார் தனியாகவும் சோறு தனியாகவும் கிடக்கிறது என்றான். எரிச்சலாக இருந்தாலும் அவன் சொன்னது சரியான கணிப்பு. தவிட்டில் நாரும் எண்ணெயும் இருக்கிறது, அது தண்ணீரை உள்ளே எளிதில் விடாது. அதனால்தான் வேக நேரம் ஆகிறது, வெந்த பிறகும் மேலே ஒரு தோல் மாதிரி நிற்கிறது, குழம்பு உள்ளே இறங்காமல் வழிந்து போகிறது. நாம் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். ரசமோ மோரோ சோற்றுக்குள் ஊற வேண்டும். வெள்ளை அரிசி நம்மை மயக்கினது அதன் வெண்மையால் மட்டும் இல்லை, எந்தக் குழம்பை ஊற்றினாலும் வாங்கிக்கொள்கிற அந்தக் குணத்தால். தவிட்டு வாசனையும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு அது புது நெல். புது அரிசி குழையும், மந்தமாக இருக்கும் என்று அப்பா அடுத்த குறை சொன்னார். அதுவும் உண்மைதான், நெல்லாகவே நாலைந்து மாதம் கிடந்தால் சோறு உதிரியாக வரும். பல் சரியில்லாத எழுபத்தாறு வயதுக்காரரிடம் சத்து சத்து என்று நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து போனார். அதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சத்து விஷயத்தில் எனக்கு இருந்த பிரமிப்பும் அந்தச் சமயத்தில்தான் கொஞ்சம் தெளிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைத் தேடிப் படித்தேன். 100 கிராம் தீட்டாத அரிசியில் நார்ச்சத்து சுமார் 4.4 கிராம், தீட்டின பச்சரிசியில் 2.8, புழுங்கலில் 3.7. கலோரியில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. புரதமும் ஒரு கிராம் சொச்சம்தான் குறைகிறது. பெரிய அடி விழுவது தயாமின் என்கிற பி1 வைட்டமினில். அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது, தீட்டினால் கால்வாசிகூட மிஞ்சுவதில்லை. புழுங்கலில் மட்டும் கதை வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த வைட்டமினில் ஒரு பகுதி உமிக்குள்ளேயே தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது.

இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை, நம் பக்கத்து வரலாறு. பெரிபெரி என்று ஒரு நோய் இருந்தது, கால் மரத்து வீங்கி இதயம் வரை போகும். டச்சு மருத்துவர் எய்க்மன் 1890களில் ஜாவாவில், தீட்டின அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் வாதம் வருவதையும் தவிட்டைச் சேர்த்தால் தேறுவதையும் பார்த்தார். அதற்காக 1929ல் நோபல் பரிசும் பெற்றார். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி தின்ற வடக்குக் கடலோர ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் தின்ற நம் தமிழ்ப் பகுதிகளில் அரிது. ராபர்ட் மெக்கரிசன் 1918ல் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து பிறகு ஹைதராபாத்துக்குப் போய் அந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. புழுங்கலை ஏழை அரிசி என்றும், பச்சரிசியைச் சாமிக்கு என்றும் ஒதுக்கிவைத்த வீட்டில் வளர்ந்தவள் நான். இதைப் படித்தபோது சித்தப்பாவை நெல்லை அவித்து அனுப்பச் சொல்லாமல் போனோமே என்று ஆற்றாமையாக இருந்தது. இன்னொன்று, தயாமின் தண்ணீரில் கரையும். மூன்று தடவை தேய்த்துக் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால், மில்லில் மிஞ்சினதும் சிங்க்கில் போய்விடும். நான் இப்போது ஒரு தடவை அலசுகிறேன், வடிப்பதில்லை. கழுநீர் கிடைப்பது குறைந்துவிட்டது என்று கறிவேப்பிலைச் செடிதான் கோபித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரைக்கு வருவோம், எல்லாம் தொடங்கியதே அதனால்தானே. சிவப்பரிசி அப்பாவுக்குப் பழகுவதற்காகக் கஞ்சியாகவும் புட்டாகவும் செய்துகொடுத்தேன். புட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல அரிசிதானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 240. எனக்குப் பகீரென்றது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் பாபட்லா அரிசியை வெவ்வேறு அளவில் தீட்டிச் சோதித்திருக்கிறார்கள், பல கடைகளில் டீலக்ஸ் பொன்னி என்று விற்பது அந்த ரகம்தான். சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று காட்டுகிற கிளைசெமிக் குறியீடு, தீட்டாதபோது 60க்குக் கீழே. எடையில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே தீட்டின உடனே 70ஐத் தாண்டிவிட்டது. முழுக்கத் தீட்டினது 80ஐ ஒட்டி. அதாவது லேசாக ஒரு பாலிஷ் மட்டும் என்று நாம் மனசைத் தேற்றிக்கொள்கிற அரிசி, சர்க்கரைக் கணக்கில் வெள்ளை அரிசிக்குத்தான் பக்கம். முழுக்கத் தீட்டாத அரிசியும்கூட அரிசிதான், மாவுச்சத்துதான். அளவைக் குறைத்து, சோற்றுக்குச் சமமாகக் காயும் சுண்டலும் தட்டில் வைத்த பிறகுதான் அப்பாவின் எண்கள் இறங்கின. அரிசி ரகத்துக்காக நான் பட்ட பாட்டில் பாதியை இந்தக் கரண்டிக் கணக்கில் பட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது மாடியில் ஒரு அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, அவரும் இந்த அரிசி கேட்டார். தவிட்டில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடுதல், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லி, அரிசி கொடுக்காமல் விட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் கத்திரி வெயில் வந்துவிட்டது. சிவப்பரிசியில் பெரும்பகுதி சாக்கில்தான் இருந்தது. ஒருநாள் ராத்திரி அளக்கப் போனால் பழைய எண்ணெய் வாசனை, கையை விட்டால் சூடு, வெளிச்சம் போட்டால் வண்டும் புழுக்கூடும் நூலுமாக. நான் அழுதது அன்றைக்குத்தான். பணத்துக்காக இல்லை, இத்தனை பேரிடம் கெஞ்சி, இத்தனை தூரம் தூக்கிப்போய் வந்தது புழுவுக்கா என்று. தவிட்டில் எண்ணெயும், அந்த எண்ணெயைச் சிதைக்கிற நொதியும் இரண்டுமே இருக்கின்றன. உமி உரிந்து தவிடு கீறினதும் இரண்டும் சேர்ந்துவிடும், சென்னை வெயிலும் புழுக்கமும் அதை விரட்டிவிடும். வெள்ளை அரிசி வருஷக்கணக்கில் கிடக்கிறது என்றால் கெட்டுப்போகிற பகுதியை எடுத்துவிட்டதால்தான். வண்டுக்கும் தவிடு பிடிக்கும், அதன் ருசி நம்மைவிட மேல். 38 கிலோவை மாதவரத்தில் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்தேன். அப்பா மாட்டுக்கா என்று கேட்டது நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மிச்சத்தைப் புடைத்து, இரண்டு கிலோ டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜிலும், அலுவலகத் தோழி வீட்டு ஃப்ரீசரிலும் அடைத்தேன். நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெயிலில் காயப்போட்டால் வண்டு ஓடும், ஆனால் தீட்டாத அரிசியின் எண்ணெய் இன்னும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், அதனால் வெயில் வேண்டாம். நெல்லாக இருந்தால் உமியே காவல், மாதக்கணக்கில் இருக்கும். அரைத்த பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நெல்லைச் சந்தை விலைக்கு, கிலோ 28 என்று போட்டால் 8,400. ஊரிலிருந்து வண்டி 5,500, திருவள்ளூர் 1,500, அங்கே கூலி 450, அச்சிறுபாக்கம் வண்டி 4,000, கூலி 750. மொத்தம் 20,600. வந்த அரிசி 203 கிலோ, மாட்டுக்குப் போனது போக 165. கிலோ ஏறக்குறைய 125 ரூபாய். கடையில் 120 என்று நான் முகம் சுளித்த அதே அரிசி. அதிலும் குருணை தனி. குருணையை வீணாக்கவில்லை, உப்புமாவும் கஞ்சியும் செய்தே தீர்த்தோம், மகனுக்கு நொய் உப்புமா என்றால் இப்போது ஓட்டம்.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், மத்தியானச் சோற்றுக்கு ஒரு தீட்டு மட்டும் போட்ட புழுங்கல். இட்லி மாவில் பாதி சிவப்பரிசி சேர்க்கிறேன், அப்பாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறார். மாலையில் புட்டோ அடையோ என்றால் முழுச் சிவப்பரிசி. தயிர்ச் சாதத்துக்கு மட்டும் பொன்னிதான், அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, செய்யவும் விருப்பமில்லை. முழுக்கச் சிவப்பரிசி சமைக்கிற நாளில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்து, குக்கர் விசில் அடங்கின பிறகு கால் மணி திறக்காமல் விடுகிறேன். ஊறவைப்பது வேகுவதற்கு மட்டும் இல்லை, தவிட்டில் இருக்கும் ஃபைட்டேட் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஊறினால் அது ஓரளவு குறையும்.

அடுத்த தையில் நெல் வாங்குவேனா என்றால் வாங்குவேன், ஆனால் நெல் சென்னைக்கு வராது. சித்தப்பா களத்தில் காயவைத்து, அவித்து, அவர் வீட்டுக் குதிரிலேயே போட்டு வைப்பார். மாதம் ஒரு தடவை இருபத்தைந்து கிலோ அரிசிக்கு ஆகிற நெல்லை மட்டும் அச்சிறுபாக்கத்தில் இறக்கி உமி நீக்கி, திண்டிவனத்திலிருந்து வருகிற அலுவலக நண்பர் காரில் போட்டு அனுப்புவதாகப் பேச்சு. நெல் அவிக்க மூட்டைக்கு என்ன கூலி என்று சித்தப்பா இன்னும் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் அண்டா வைத்து அவிக்கிற ஒருவர் இருக்கிறாராம், அவரைக் கேட்டுச் சொல்கிறேன் பாப்பா என்றிருக்கிறார்.